வெக்கை போச்சுன்னு எப்படிச் சொன்னாங்க?

போன மாசம் முத்தியால்பேட்டையில இருந்து ஒரு தம்பி நம்ம கொல்லைக்கு வந்திருந்தார். இந்தப் பக்கத்தை ரொம்ப நாளா படிக்கிறவர். கிடேரி காதுல மாட்டியிருக்கிற மஞ்சள் தோட்டைப் பார்த்துட்டு, "என்னங்கண்ணா, மாட்டுக்கும் ஆதாரா?"ன்னு சிரிச்சார். பன்னெண்டு நம்பர் இருக்குது, அப்படித்தான் வெச்சுக்கணும். கோமாரி ஊசி போட்டா அந்த நம்பர்ல பதிவு பண்ணிடுவாங்கன்னு சொன்னேன்.

"வெக்கைக்கு ஊசி போட மாட்டாங்களா? எங்க தாத்தா அதைப் பத்திதான் எப்பவும் சொல்லுவாரு."

"வெக்கை இப்ப உலகத்துலயே கிடையாது தம்பி."

"கிடையாதுன்னு எப்படித் தெரியும்? எங்கயாவது ஒரு மாட்டுக்கு இருந்தா?"

நல்ல கேள்வி. ஒரு நோய் இருக்குதுன்னு காட்ட ஒரு மாடு போதும். இல்லைன்னு காட்ட எத்தனை மாட்டைப் பார்க்கணும்? அந்தக் கேள்விக்கு நின்ன வாக்குல பதில் சொல்ல முடியல. அதான் இந்தப் பதிவு. இதுல நான் பண்ண ஒரு தப்பும் இருக்குது. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு வெக்கைன்னா சித்திரை மாசத்துப் புழுக்கம். எங்களுக்கு அது மாட்டைக் கொண்டுபோன பேர். காய்ச்சல் அடிக்கும். கண்ணுலயும் மூக்குலயும் ஒழுகும். ஈறுலயும் உதட்டு உள்பக்கமும் தவிட்டைத் தூவின மாதிரி வெள்ளையாப் படிஞ்சு, பிறகு புண்ணாகும். அப்புறம் கழிச்சல், நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும். ஒரு வாரம் பத்து நாளில் மாடு போயிடும். பக்கத்துக் கட்டுத்தறிக்கும் தாவிடும்.

எனக்கு எட்டு வயசு இருக்கும்போது எங்க அப்பாவோட உழவு ஜோடி போச்சு. ரெண்டும் ஒரே வாரத்துல. அப்பா கடைசி வரைக்கும் வெக்கைன்னுதான் சொன்னார். அம்மா ஒத்துக்க மாட்டாங்க. "இடத்து மாடு நொண்டுச்சுடா, குளம்பு நடுவுல புண்ணு இருந்துச்சு, அது கோமாரி"ம்பாங்க. அப்பா, "கோமாரியில பெரிய மாடு சாவுமா?"ன்னு கேட்பார். ரெண்டு பேர் சொன்னதுலயும் நியாயம் இருக்குது. கோமாரியில கன்னுக்குட்டிதான் அதிகம் சாகும், வளர்ந்த மாடு பெரும்பாலும் தேறிடும். வெக்கையில குளம்புப் புண்ணு வராது. ரெண்டுலயும் வாய்ப்புண்ணு உண்டு, எச்சில் ஒழுகும். யாரும் ரத்தம் எடுக்கல, எதையும் எங்கயும் அனுப்பல. பனங்காட்டு ஓரமாப் புதைச்சோம். அந்த வருஷம் அப்பா வாங்கின கடனை அடைக்க ஆறு வருஷம் ஆச்சு. மாடு எதால செத்ததுன்னு இன்னைக்கும் எங்க வீட்டுல ஒரு தீர்ப்பு கிடையாது.

இப்படிக் கண்ணால பார்த்துக் குத்துமதிப்பா சொன்னதுதான் உலகம் பூரா ரொம்ப காலம் நடந்துது. 1761-ல பிரெஞ்சுக்கார ராஜா காலத்துல லியோன் நகரத்துல குளோத் பூர்ஷெலான்னு ஒருத்தருக்கு மாட்டு வைத்தியப் பள்ளிக்கூடம் நடத்த அனுமதி கொடுத்தாங்க. உலகத்துலயே அந்த மாதிரி முதல் பள்ளிக்கூடம் அது. அது வர்றதுக்கு ஒரு பெரிய காரணம் இதே வெக்கைதான், அங்க மாடுங்களை வாரிக்கிட்டுப் போயிட்டு இருந்துது. நம்ம ஊரை ஆண்டவங்க ஊர்ல, நம்ம கட்டுத்தறியில இருந்த அதே நோய்.

வெள்ளைக்காரன் பக்கத்துல 1871-ல இந்திய மாட்டு நோய்களைப் பத்தி ஒரு கமிஷன் அறிக்கை வந்துது. 1889-ல பூனாவில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பிச்சு, அப்புறம் அதை இமயமலைப் பக்கம் முக்தேஸ்வருக்குக் கொண்டு போனாங்க. அவ்வளவு தூரம் ஏன்னா, இந்தக் கிருமியை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள வேலை பார்க்க முடியாது. காசநோய்க் கிருமியைக் கண்டுபிடிச்ச ராபர்ட் கோக் 1897-ல அங்க போயிருக்கார். 1902-ல இஸ்தான்புல்ல மொரீஸ் நிக்கோல்னு ஒரு பிரெஞ்சுக்காரரும் அதில் பேன்னு ஒரு துருக்கியரும், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியிலயும் இந்த நோய் நுழைஞ்சு வருதுன்னு காட்டினாங்க. அதாவது இது வைரஸ். கண்ணுக்கும் தெரியாது, அன்னைக்கு இருந்த மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாது.

தெரியாத ஒண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்தக் காலத்துல வழி ஒண்ணுதான். சந்தேகப்படுற மாட்டோட ரத்தத்தை நல்ல மாட்டுக்கு ஏத்திப் பார்க்கிறது. நல்ல மாடு படுத்துதுன்னா வெக்கை. ஒரு பதிலுக்கு ஒரு மாடு விலை.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், பாண்டிக்காரங்களுக்குப் பிடிக்கும். 1920-ல இந்தியாவில் இருந்து பிரேசிலுக்குக் கப்பல்ல போன திமில் மாடுங்களை வழியில பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் துறைமுகத்துல இறக்கினாங்க. அதுங்களோட வெக்கையும் இறங்கிடுச்சு. ஐரோப்பா பயந்து போச்சு. அந்த பயத்துலதான் 1924 ஜனவரி 25-ல 28 நாடுங்க பாரீஸ்ல கையெழுத்துப் போட்டு உலக கால்நடை நோய் அமைப்பை ஆரம்பிச்சாங்க. ஐக்கிய நாடுகள் சபைக்கே இருபது வருஷத்துக்கு மூத்தது. அதுக்குக் காரணம் நம்ம நாட்டு மாடு.

ஊசி கதையை வேகமா சொல்லிடுறேன். முக்தேஸ்வர்ல எட்வர்ட்ஸ்னு ஒருத்தர் 1920-களில் இந்த வைரஸை ஆட்டு உடம்புல மாத்தி மாத்தி வளர்த்து வீரியத்தைக் குறைச்சு தடுப்பூசி பண்ணார். 1932-ல ராணிப்பேட்டையில தடுப்பு மருந்து நிலையம் வந்துது. 1954-ல மத்திய அரசு வெக்கை ஒழிப்புத் திட்டத்தை ஆரம்பிச்சுது. அதே வருஷம் நவம்பர் 1-ல தான் பிரெஞ்சுக்காரங்க நிர்வாகத்தை நம்மகிட்ட ஒப்படைச்சாங்க. கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் பண்ண புது ஊசி அப்புறம் வந்துது. ஊசி நல்லாவே வேலை செஞ்சுது. ஆனாலும் வெக்கை அங்க இங்கன்னு தலை காட்டிக்கிட்டே இருந்துது. மேப் பார்த்தீங்கன்னா தெரியும், நம்ம கொம்யூன்கள் தமிழ்நாட்டுக்குள்ள துண்டு துண்டா கிடக்குது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் விழுப்புரம் மாவட்டம். மதகடிப்பட்டு சந்தையில செவ்வாய்க்கிழமை கைமாறுற மாடு எந்த மாநிலத்துதுன்னு மாட்டுக்கும் தெரியாது, நோய்க்கும் தெரியாது.

இனிமேதான் முக்கியமான இடம். 1987-ல விழுப்புரம் தாண்டி திருச்சி ரோட்டுல இருக்கிற அரசூர்ல செம்மறி ஆடுங்க செத்துது. வாய்ப்புண்ணு, மூக்கு ஒழுகல், கழிச்சல். பார்த்தா வெக்கை மாதிரியே இருக்கும். ஆட்டுக்கும் வெக்கை வரும்னு அதுவரைக்கும் நம்பிட்டு இருந்தாங்க, வரவும் செய்யும். அப்போ இருந்த முக்கியமான சோதனை கடல்பாசிச் சோதனை. ஆமாங்க, நோன்புக்கு இனிப்பு செய்யிறாங்களே அதே சைனா கிராஸ் மாதிரிப் பொருள்தான். தட்டுல அதை உறைய வெச்சு, சின்னச் சின்னக் குழி போட்டு, ஒரு குழியில நோய்ச் சரக்கு, பக்கத்துக் குழியில எதிர்ப்புச் சத்து உள்ள ரத்தத் தெளிவு ஊத்துவாங்க. ரெண்டும் ஊறிக்கிட்டே நகர்ந்து வந்து சந்திக்கிற இடத்துல வெள்ளையா ஒரு கோடு விழுந்தா நோய் இருக்குது. சுலபமான சோதனை, செலவும் கம்மி. ஆனா அதுல ஒரு குறை. வெக்கைக்கும் அதோட பங்காளி வைரஸுக்கும் ஒரே மாதிரி கோடு விழும்.

அந்தப் பங்காளியை ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஐவரி கோஸ்ட்ல 1942-லயே அடையாளம் கண்டிருந்தாங்க. இந்தியாவில் அது இருக்குதுன்னு யாருக்கும் தெரியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து எம்.எஸ்.ஷைலாவும் கூட வேலை செஞ்சவங்களும் அரசூர் ஆட்டுச் சரக்கை ஆராய்ஞ்சு, இது வெக்கை இல்லை, வேற வைரஸ்னு 1989-ல வெளியிட்டாங்க. இந்தியாவில் முதல்முதலா அது பதிவானது நம்ம பக்கத்து ஊர்ல. தமிழ்ல இப்ப அதை ஆட்டுக்கொல்லின்னு சொல்றாங்க. உலகம் பூரா வழங்குற பேரு பிரெஞ்சுல இருக்குது: பெஸ்த் தே பெத்தி ருமினான். எங்க தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், பிரெஞ்சு ராணுவத்துல பென்ஷன் வாங்கினவர். அவரிடம் ஒருநாள் இந்தப் பேரைப் படிச்சுக் காட்டினேன். என் உச்சரிப்பைக் கேட்டு முதல்ல சிரிச்சார். அப்புறம், "அசைபோடுற சின்ன ஜீவனுங்களோட கொள்ளைநோய்"னு அர்த்தம் சொல்லிட்டு, "பேரு வெக்கிறதுல அவனுங்களை அடிச்சுக்க முடியாதுடா"ன்னார்.

ஆட்டு நோய்க்கு வேற பேரு வெச்சா மாட்டுக்காரனுக்கு என்ன? நிறைய இருக்குது. எங்க கொல்லையில ஆடும் மாடும் ஒரே தொட்டியில தண்ணி குடிக்கும். ஆட்டுக்கொல்லி மாட்டுக்கும் தொத்தும், ஆனா மாடு படுக்காது, ரத்தத்துல அடையாளம் மட்டும் இருக்கும். அந்த மாட்டு ரத்தத்தைப் பழைய முறையில சோதிச்சா, "ஐயோ வெக்கை இருக்குது"ன்னு தப்பா வரலாம். செத்த ஆட்டையெல்லாம் வெக்கைக் கணக்குல எழுதிக்கிட்டே இருந்தா வெக்கை ஒழிஞ்சதுன்னு எந்தக் காலத்துலயும் சொல்ல முடியாது. பங்காளிகளைப் பிரிச்சுக் காட்டுற சோதனை வந்த பிறகுதான் கணக்கு நேராச்சு.

அந்தச் சோதனைக்கு எலிசான்னு பேரு. குரும்பாபேட்டுல 1994-ல ஆரம்பிச்ச நம்ம கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு தடவை விவசாயிகள் பயிற்சிக்குப் போனப்பதான் அந்தத் தட்டை முதல்முதலா பார்த்தேன். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, 96 குழி, பணியாரச் சட்டியைச் சின்னதாக்கின மாதிரி. வெக்கைக்குப் பயன்படுத்தினதை இப்படிப் புரிஞ்சுக்கலாம். பஸ்ஸுல துண்டு போட்டு சீட்டு பிடிப்போம் இல்லையா? குழியில வைரஸ் சரக்கு ஒட்டியிருக்கும், அதுதான் சீட்டு. மாட்டோட ரத்தத் தெளிவை ஊத்தும்போது, அந்த மாடு வெக்கையைப் பார்த்திருந்தாலோ ஊசி போட்டிருந்தாலோ, அதோட எதிர்ப்புச் சத்து போய்த் துண்டு போட்டுடும். கூடவே ஆய்வுக்கூடத்துச் சத்து ஒண்ணையும் விடுவாங்க. அது வெக்கை சீட்டுல மட்டும்தான் உட்காரும், அதுக்கு இடம் கிடைச்சாதான் கலர் வரும். கலர் வந்துதுன்னா சீட்டு காலி, மாடு வெக்கையைப் பார்த்ததே இல்லை. கலர் வரலைன்னா யாரோ முன்னாடியே துண்டு போட்டுட்டாங்க. ஒரு தட்டுல ஒரே நாள்ல பல மாட்டோட ரத்தம். ஒரு பதிலுக்கு ஒரு மாடு செத்த காலம் போச்சு.

இதுலயும் ஒரு சிக்கல். ஊசி போட்ட மாட்டுக்கும் நோய் கண்டு பிழைச்ச மாட்டுக்கும் ரத்தத்துல வித்தியாசம் தெரியாது. ஊரு பூரா ஊசி போட்டு வெச்சுட்டு ரத்தத்தைச் சோதிச்சா எல்லாத்துலயும் துண்டுதான் கிடக்கும். வெக்கை உண்மையிலேயே போச்சான்னு தெரியணும்னா ஊசியை நிறுத்தணும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டு, திருடன் வர்றானான்னு விளக்கை அணைச்சுட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. எவ்வளவு துணிச்சல் வேணும் பாருங்க. இந்தியாவில் கடைசியா வெக்கை பதிவானது 1995 அக்டோபர்ல, நம்ம தமிழ்நாட்டுல, வட ஆற்காடு பக்கம். ராணிப்பேட்டை மருந்து நிலையம் இருக்கிற அதே வட்டாரம். விளக்கடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. அதுக்கப்புறம் ஊசியை நிறுத்திட்டு, ஊர் ஊரா போய் ரத்தம் எடுத்தாங்க. பெங்களூர்ல இருந்த கால்நடை நோய்க் கண்காணிப்பு நிலையம் எந்த ஊருன்னு குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். ஊசி நிறுத்தின பிறகு பிறந்த இளசுங்களா பார்த்து எடுக்கணும். அந்த ரத்தத்துல துண்டு கிடந்தா அது ஊசி போட்டது இல்லை, நோய் போட்டது.

இப்ப என் கதைக்கு வர்றேன். அந்த மாதிரி ரத்தம் எடுக்க ஒரு நாள் எங்க ஊருக்கும் வந்தாங்க. எனக்கு அப்ப முப்பது வயசு இருக்கும், கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷம். வீட்டுல ஒரே ஒரு கிடேரி, இன்னும் பல்லு போடலை. கடன் வாங்கி வாங்கினது. காலையில டீக்கடையில பேசிக்கிட்டாங்க, "ரத்தம் எடுத்தா சினை நிக்காதாம், பால் வத்திடுமாம், ஏதாவது இருக்குதுன்னு தெரிஞ்சா மாட்டைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களாம்." யார் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது. நானும் கேட்கலை. கிடேரியை ஓட்டிட்டுப் போய் கரும்புக் கொல்லைக்குள்ள கட்டிட்டு வந்து, ஒண்ணும் தெரியாத மாதிரி திண்ணையில உட்கார்ந்துட்டேன்.

வந்த டாக்டர் இளவயசுக்காரர். ஐஸ் டப்பாவும் கையுமா வெயில்ல நடந்து வந்தார். "ஐயா, உங்க வீட்டுல ரெண்டு பல்லு போடாத மாடு ஏதாவது இருக்குதுங்களா?"ன்னு கேட்டார். என்னைவிட அவருக்கு ரெண்டு மூணு வயசுதான் கம்மி இருக்கும், ஐயான்னார்.

"இல்லைங்க சார், வித்துட்டேன்."

அவர் கட்டுத்தறியைப் பார்த்தார். பச்சைச் சாணி கிடந்துது, அரைகுறையா தின்ன புல்லு கிடந்துது. ஒண்ணும் சொல்லாம தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டார். எதுக்கு ரத்தம் எடுக்கிறோம்னு அவரும் சொல்லலை. சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனான்னு கேட்டா, இப்ப ஆமான்னு சொல்லத் தோணுது. அன்னைக்கு? தெரியலைங்க. ஆனா ஒண்ணு உறுதியா சொல்றேன், எங்க தெருவில் அன்னைக்கு மறைச்சது நான் மட்டும் இல்லை.

குலுக்கல்ல விழுந்த ஊர்ல மாட்டை மறைச்சா என்ன ஆகும்னு குரும்பாபேட்டு பயிற்சியிலதான் புரிஞ்சுது. கூட்டத்துல ஒருத்தர், "ஒரு மாடு கம்மியானா என்ன சார் ஆகிடப் போவுது?"ன்னு கேட்டார். அதுக்கு அங்கிருந்த வாத்தியார், "நோய் இருக்கிற மாட்டைத்தாங்க ஜனங்க முதல்ல மறைப்பாங்க. அப்ப நாங்க சோதிக்கிறது பூராவும் நல்ல மாடாவே இருக்கும். இல்லாததை இல்லைன்னு சொல்றோமா, மறைச்சதை இல்லைன்னு சொல்றோமான்னு எங்களுக்கே தெரியாது"ன்னார். நான் தலையைக் குனிஞ்சு நோட்டுல ஏதோ எழுதிட்டு இருந்தேன்.

நல்லவேளை, என்னை மாதிரி ஆளுங்களைத் தாண்டியும் போதுமான ரத்தம் கிடைச்சிருக்குது. 2004-ல நோய் இல்லாத நாடு, 2006 மே மாசம் தொத்தே இல்லாத நாடுன்னு இந்தியாவுக்குப் பாரீஸ் அமைப்பு சான்று கொடுத்துது. உலகத்துல கடைசியா அது தெரிஞ்சது 2001-ல, கென்யாவில் காட்டெருமைகிட்ட. 2011 மே 25-ல பாரீஸ்ல, வெக்கை உலகத்துல இருந்தே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. பெரியம்மைக்கு அப்புறம் மனுஷன் ஒழிச்ச ரெண்டாவது நோய் இதுதான். டவுன்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நம்ம பிள்ளைங்களுக்கு வர்ற தட்டம்மை வைரஸ்கூட இதுக்கு நெருங்கின சொந்தம்தான். அது இன்னும் போகலை.

அந்தத் தம்பி கேட்டதுக்குப் பதில் வந்துடுச்சு. ஆனா கோமாரி கதை வேற மாதிரி. அதுல ஒரு வகை இல்லை. 1922-ல வல்லே, கர்ரேன்னு ரெண்டு பிரெஞ்சுக்காரங்க ரெண்டு வகை இருக்குதுன்னு கண்டுபிடிச்சு, ஒண்ணுக்கு அவங்க நாட்டு வாஸ் மாவட்டத்துப் பேரால ஓ-ன்னும், இன்னொண்ணுக்கு ஜெர்மனியை பிரெஞ்சுல சொல்ற அல்மாஞ் பேரால ஏ-ன்னும் வெச்சாங்க. இன்னைக்கு நம்ம கிடேரிக்குப் போடுற ஊசியில அந்த ஓ-வும் ஏ-யும் இருக்குது, கூட ஆசியா-1ன்னு ஒண்ணும். எந்த வகை சுத்துதுன்னு சோதிச்சுப் பார்க்காம போட்ட ஊசி பூட்டுக்குச் சேராத சாவி. ஊசி போட்டதா, நோய் பட்டதான்னு பிரிச்சுக் காட்டுற ரத்தச் சோதனை கோமாரிக்கு இப்ப வந்துடுச்சு, அதனால வெக்கைக்குப் பண்ண மாதிரி காவல்காரனை அனுப்பிட்டுப் பார்க்க வேண்டியது இல்லை.

அப்புறம் புதுசா தோல் கழலை. 2019-ல ஒடிசாவில் முதல்ல தெரிஞ்சுது, 2022-ல ராஜஸ்தான், குஜராத் பக்கம் மாடுங்க கொத்துக் கொத்தா செத்ததை டிவியில பார்த்திருப்பீங்க. எங்க கன்னு ஒண்ணுக்கும் உடம்பு பூரா புளியங்கொட்டை கணக்கா கட்டி கட்டியா வந்துது. பொருக்கு எடுத்துட்டுப் போனாங்க. எங்க அனுப்பினாங்க, யார் எடுத்தாங்கன்னு இங்க எழுதலை, ஆனா முடிவு வர்றதுக்குள்ள கன்னு பிழைச்சு எழுந்து மேயப் போயிடுச்சு. முடிவு என்னன்னு மூணு தடவை போன் பண்ணிக் கேட்டேன். நாலாவது தடவை கேட்கலை.

அன்னைக்குக் கரும்புல மறைச்ச கிடேரி எட்டு ஈத்து ஈன்றுச்சு. இப்ப கொல்லையில நிக்கிறதுல ரெண்டு அதோட பேத்திங்க. தம்பி பார்த்துச் சிரிச்ச மஞ்சள் தோடு அதுல ஒண்ணோட காதுலதான் இருக்குது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊசிக்கு வர்றாங்க, சில தடவை ரத்தமும் எடுக்கிறாங்க. பக்கத்து வீட்டுப் பையன் போன தடவை, "ஏன் பெரியப்பா, ரத்தம் எடுத்தா பால் வத்திடுமாமே?"ன்னு கேட்டான். வா, வந்து கயித்தைப் பிடின்னு சொன்னேன். நான் மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டேன், அவன் வாலைப் பிடிச்சுக்கிட்டான், அந்தம்மா கழுத்து நரம்புல ஊசி போட்டு அஞ்சு மில்லி எடுத்துக்கிட்டு, குழாயில தோட்டு நம்பரை எழுதிக்கிட்டாங்க. சாயங்காலம் வழக்கம்போல நாலரை லிட்டர் கறந்துச்சு.